அடியில் சிவப்புப் பொட்டு

ஜூன் 10, செவ்வாய்

சர்க்கரையில் மறுபடி எறும்பு. மூடியைச் சரியாக மூடவில்லை, அவ்வளவுதான். யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிகிறது. சொல்வதற்கு யாரும் இல்லை என்பதுதான் பிரச்சினையே.

அவள் மூடிய மூடி எதையும் நான் திறந்ததாகச் சரித்திரம் கிடையாது. துணியைச் சுற்றித் திருகுவேன், வெந்நீரில் காட்டுவேன், கடைசியில் பாட்டிலும் கையுமாக அவள் முன்னால் போய் நிற்பேன். "இது மூடுறதா, முத்திரை வைக்கிறதா?" என்பேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே கையை மட்டும் நீட்டி வாங்கி, ஒரே திருகில் திறந்து கொடுத்துவிடுவாள். கல்யாணமான வாரத்திலிருந்து இதே கதை.

மகளுக்குக் குழந்தை பிறக்கிற சமயம் உதவிக்கென்று விமானம் ஏறினாள். போகும்போது ஆறு மாதம் என்றாள். பிப்ரவரியில் வர வேண்டியவள் மே என்றாள். மேயும் போய்விட்டது. இப்போது இந்த வீட்டில் இருக்கிற மூடியெல்லாம் நான் மூடியவை. தொட்டாலே திறக்கும். எறும்புகளுக்குக் கொண்டாட்டம்.

சர்க்கரையை ஒரு தட்டில் கொட்டி வெயிலில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் எறும்பும் இல்லை, சர்க்கரை பாதியும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். இந்தப் பருவத்தில் வகுப்புக்கு ஒரு செயல்திட்டமாம். மூன்றாம் வகுப்புக்கு மரம், நான்காம் வகுப்புக்குத் தண்ணீர். என் ஐந்தாம் வகுப்புக்கு வீட்டில் காலியாகிற டப்பாக்கள். எதை மறுபடி பயன்படுத்தலாம், எதை மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று பிள்ளைகளே பிரித்துப் பழக வேண்டும். "உங்களுக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கும் சார்" என்றார். எதை வைத்துச் சொன்னார்? என் சட்டையை வைத்தா?

வகுப்பின் பின்சுவர் ஓரமாக இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளை வைத்தோம். கழுவி அப்படியே வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடியவை ஒன்றில். நொறுக்கி உருக்கி வேறு பொருளாக்க வேண்டியவை இன்னொன்றில். பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "ஓ, ஒண்ணு தீர்க்காயுசு, இன்னொண்ணு மறுபிறவி" என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். இனி அந்தப் பெட்டிகளுக்கு அதுதான் பெயர்.

உருக்குவதற்கு நெருப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும், தூக்கிப் போக வண்டி வேண்டும். அதனால் முதலில் திரும்பப் பயன்படுத்தத்தான் பார்க்க வேண்டும், முடியாததைத்தான் உருக்க அனுப்ப வேண்டும் என்று விளக்கினேன். நன்றாகத்தான் சொன்னேன். அவள் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

ஜூன் 13, வெள்ளி

ஏன் சிரித்திருப்பாள் என்று எழுதி வைக்கிறேன். வேறு யாரிடம் சொல்ல?

எங்கள் வீட்டில் நான் மறுபிறவிக் கட்சி. காலியானால் வெளியே போக வேண்டும், இடம் காலியாக வேண்டும். அவள் தீர்க்காயுசு. ஜாம் பாட்டில் காலியானால் மிளகு குடியேறும். மிளகுக்கு வேறு இடம் கிடைத்தால் பொத்தான்கள். பொத்தான்களுக்குப் பிறகு ஆணிகள். துருப்பிடித்து ஆணியை எறிந்தாலும் பாட்டிலுக்கு ஓய்வு கிடையாது, தண்ணீர் ஊற்றி ஒரு கொடித் துண்டை அதில் வளரவிட்டு ஜன்னலில் வைத்துவிடுவாள். மூடியில் ஐஸ்கிரீம் என்று போட்டிருக்கும், உள்ளே துணி சோப்பு இருக்கும். ஒரு தடவை வந்த விருந்தாளி ஆசையாகத் திறந்து ஏமாந்து போனார்.

சமையலறைக் கீழ் அலமாரி, பீரோ உச்சி, பால்கனி முழுவதும் காலி டப்பாக்கள்தான், பெரியதற்குள் சிறியதாக. வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது அவளுக்கு. மிஞ்சியதை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்து அனுப்புவாள். கொடுத்த டப்பா திரும்பி வர வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றின் அடியிலும் நகப்பூச்சில் ஒரு சிவப்புப் பொட்டு. கூட்டுக் குடும்பம் மாதிரி எல்லாம் ஒரே அடையாளத்தோடு.

ஆனால் எல்லா இடத்திலும் சேர்க்க மாட்டாள். அவள் அண்ணன் வீட்டில் ஒன்றரை மாதம் தங்கியிருந்தபோது, நல்ல நல்ல பாட்டில்களைக்கூடத் திரும்பிப் பாராமல் குப்பையில் போட்டாள். பழைய வாடகை வீட்டைக் காலி செய்வது என்று முடிவான அன்றே பாட்டில் கழுவுவதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு, "இருக்கிற வீட்டுலதாங்க சேக்கணும். போற வீட்டுல எதுக்கு?" என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

வீடியோவில் பேசினாள். இங்கே சாயங்காலம், அங்கே காலை. பேரன் தரையில் குப்புறக் கிடந்து போனை வாயில் வைக்கப் பார்த்தான். மழை பெய்ததா என்று கேட்டாள். பெய்தது என்றேன். கேஸ் வந்ததா என்றாள். வந்தது என்றேன். மாப்பிள்ளை டிக்கெட்டை அக்டோபருக்கு மாற்றிவிடலாமா என்று கேட்கிறாராம். "என்ன சொல்றீங்க?" என்றாள்.

"உங்க சௌகரியம்" என்றேன்.

அப்போது அவள் எழுந்து பாலை இறக்கப் போனாள். பின்னால் இருந்த அலமாரி தெரிந்தது. குழந்தை உணவு வருகிற சின்னச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்கள், கழுவி, லேபிள் உரித்து, கவிழ்த்து, வரிசையாக. ஒரு தட்டு முழுக்க. கீழ்த்தட்டிலும்.

அதற்குப் பிறகு என்ன பேசினோம் என்று நினைவில்லை.

அதே நாள், மறுபடி

சேக்க ஆரம்பிச்சிட்டா. அங்க. யாரும் என்கிட்ட எதுவும் சொல்ல வேணாம், நான் பாத்துட்டேன். பிப்ரவரி, மே, அக்டோபர்னு எனக்கு எதுக்குத் தேதி? இருக்கிற வீட்டுலதான் சேக்கணும்னு அவளே சொன்னவதானே?

மகளுக்குத் துணை வேண்டும், பேரன் இவளைப் பார்த்தால்தான் சாப்பிடுகிறான். நியாயம்தான். நான் ஐம்பத்தைந்து வயது ஆள். எனக்கென்ன குறை? ரொட்டி இருக்கிறது, முட்டை இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

பிள்ளைகள் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். ஷாம்பு புட்டி, தயிர்க் கோப்பை, தரை துடைக்கிற திரவம் வந்த கேன், நசுங்கிய தண்ணீர் பாட்டில். வகுப்பே ஒரு குளியலறை மாதிரி மணக்கிறது.

இந்த வகுப்பில் ஒரு பெண்ணுக்கு நீதிபதி என்று பெயர். நான் வைத்ததில்லை, முதல் வகுப்பிலிருந்தே வருகிறது. யார் ரப்பரை யார் எடுத்தாலும் அவளிடம்தான் வழக்குப் போகும். இன்றும் அவள்தான் தீர்ப்பு. தரை துடைக்கிற கேனை ஒருவன் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்ளலாம் என்றான். மோந்து பார்த்துவிட்டு, "குடிக்கிறதுக்கு வேண்டாம், செடிக்கும் வேண்டாம். உருக்கு" என்றாள். வெளிறிப்போன மெல்லிய கோப்பையும் உருக்கு. கனமான அகல வாய் டப்பா தீர்க்காயுசு. நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை.

மூடியும் உடம்பும் வேறு வேறு பிளாஸ்டிக், தனித்தனியாகப் பிரித்துத் தர வேண்டும் என்று பழைய சாமான்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு பாடவேளை முழுக்க மூடி கழற்றினோம்.

ஜூன் 18, புதன்

ரொட்டி, முட்டை.

ஜூன் 21, சனி

இன்று வீட்டைக் காலி செய்தேன். அதாவது டப்பாக்களை, சர்க்கரையும் மிளகும் இருந்ததைக்கூட விடாமல்.

கீழ் அலமாரி முதலில். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி பீரோ உச்சி. கடைசியில் பால்கனி. ஒன்றுக்குள் ஒன்றாக எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தன. கோபத்தில்தான் ஆரம்பித்தேன், பிறகு கோபம் போய் வெறும் வேலையாகிவிட்டது. ஒவ்வொன்றையும் கவிழ்த்தால் சிவப்புப் பொட்டு. சிலதில் தேய்ந்து பாதி. சிலதில் மேலே புதிதாக இன்னொரு பொட்டு. அவ்வளவு தூரம் போய்விட்டு வந்த டப்பாக்கள் போலிருக்கிறது.

எல்லாவற்றையும் சாக்கில் கட்டிவிட்டேன். பால்கனி நன்றாகக் காற்றாக இருக்கிறது. எத்தனை வருடமாகக் கேட்ட இடம்! நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். எதிர் வீட்டுச் சுவர் தெரிகிறது.

ஜூன் 23, திங்கள்

சாக்குகளை வாடகை வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. சார் வீட்டில் இவ்வளவா என்று வாயைப் பிளந்தார்கள்.

நீதிபதி ஒன்றை எடுத்துக் கவிழ்த்தாள். இன்னொன்றைக் கவிழ்த்தாள். "சார், எல்லாத்துக்கும் அடியில ஏன் பொட்டு?"

அடையாளத்துக்கு என்றேன்.

"யாரோட அடையாளம்?"

புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன்.

ஜூன் 24, செவ்வாய்

வழக்கு விசாரணை. வகுப்பு இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு பையன் எழுந்து, எல்லாவற்றையும் உருக்கினால் எல்லாம் புதிதாகிவிடுமே, பழசு எதற்கு என்றான். சின்ன வயதில் நான் எப்படி இருந்தேனோ அப்படியே பேசினான். கைதட்டல் கிடைத்தது அவனுக்கு.

நீதிபதி யோசித்தாள். "உருக்கினா அது மறுபடி ஒரு டப்பாவாகும். ஆனா அது இந்த டப்பா இல்லையே சார்."

தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய் நின்றேன். கணக்கு டீச்சர் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். சாக்பீஸ் தூசி என்றேன்.

விரிசல் விட்டவை, வளைந்தவை, மூடி தொலைந்தவை எல்லாம் ஒரு பக்கம் போயின. நல்லவை ஒரு பக்கம். நல்லவைதான் அதிகம். அவள் கெட்டதை வைத்துக்கொள்ள மாட்டாள்.

ஜூன் 26, வியாழன்

பழைய சாமான்காரர் வந்து மறுபிறவிப் பெட்டியைத் தூக்கிப் போய்விட்டார். தீர்க்காயுசுப் பெட்டியில் இருந்ததைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்து, மிஞ்சியதை மற்ற வகுப்புகளுக்கும் பிரித்துவிட்டாயிற்று. நிபந்தனை ஒன்றுதான். டப்பாவை வீட்டில் உண்மையாகவே ஒரு வேலைக்கு வைக்க வேண்டும். என்ன வேலை என்று ஜூலை ஏழிலிருந்து ஒவ்வொரு திங்களும் வகுப்பில் சொல்ல வேண்டும்.

வாசலில் நின்று பார்த்தேன். அவள் டப்பாக்கள் நாலா பக்கமும் நடந்து போயின.

ஜூன் 29, ஞாயிறு

எதிர் வீட்டு அக்காவின் மகள் விடுதியில் சேரப் போகிறாளாம். தின்பண்டம் கொடுத்தனுப்ப மூடி போட்ட பெரிய டப்பா வேண்டுமாம். அக்கா இவளுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். என்னிடம் கேட்கவில்லை பாருங்கள், அங்கே கேட்டிருக்கிறார்.

"பால்கனியில வெள்ளையா ஒரு வாளி டப்பா இருக்கும், அத எடுத்துக் குடுத்துடுங்க" என்றாள்.

"பால்கனியில ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா?"

"ஸ்கூலுக்குக் குடுத்துட்டேன். பிள்ளைங்களுக்குத் தேவைப்பட்டுது."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

போனை அவள் எங்கேயோ வைத்துவிட்டாள். திரையில் கூரை மட்டும் தெரிந்தது. பேரன் ஏதோ கத்திக்கொண்டிருந்தான். பிறகு அவள் குரல் மட்டும் வந்தது. "சரி. நான் வரப்போறதில்லன்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

நானா? நானா முடிவு பண்ணேன்? அந்த அலமாரிய நான் பாக்கலன்னு நினைச்சியா — கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அதனால் மழை பெய்கிறது, துணி எடுக்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன். மழை பெய்யவில்லை.

ஜூன் 30, திங்கள்

ஒன்றும் இல்லை.

ஜூலை 2, புதன்

பள்ளி விட்டதும் பழைய சாமான் கடைக்கு நடந்து போனேன். ஏதாவது கிடைத்தால் எடுத்து வரலாம் என்று. எதை? விரிசல் விட்ட ஒன்றையாவது.

கடை முழுக்க அழுத்திக் கட்டிய பிளாஸ்டிக் மூட்டைகள். மூடிகள் மட்டும் தனியாக, நிறம் நிறமாக மூட்டைகளில். "போன வாரச் சரக்கு போன வாரமே போயிடுச்சு சார்" என்றார் கடைக்காரர். இந்நேரம் நொறுக்கியிருப்பார்கள் என்றும் சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்ன மாதிரி இருந்தது.

திரும்பி வருகிற வழியில் சர்க்கரை வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதைக் கொட்டி வைக்க டப்பாவே இல்லை என்பது உறைத்தது. பொட்டலமாகவே இருக்கிறது, வாயில் ஒரு ரப்பர் வளையம் போட்டு.

ஜூலை 6, ஞாயிறு

மகள்தான் போனை எடுத்தாள். "அம்மா தூங்குறாங்கப்பா" என்றாள். அங்கே காலை எட்டு மணி. அவளாவது, எட்டு மணிக்குத் தூங்குவதாவது! பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கழுவுகிற கை யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

மகள் நன்றாகத்தான் பேசினாள். ஆனால் கடைசியில், "ஏம்பா இப்படிப் பண்ணீங்க?" என்றாள். நீங்கள் இரண்டு பேரும் என்னை நடுவில் நிறுத்தாதீர்கள் என்றும் சொன்னாள்.

தனியாக இருப்பது பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். அது தனிமையே இல்லை, வாரத்துக்கொரு தரம் கேஸ் வந்ததா என்று கேட்க ஆள் இருந்தது. இதுதான் தனிமை.

ஜூலை 7, திங்கள்

பிள்ளைகளின் முதல் அறிக்கை. ஒருத்தி டப்பாவில் அப்பாவின் தையல் ஊசிகள் குடியிருக்கின்றன, அவர் தையற்காரர். ஒருவன் டப்பாவில் தங்கையின் பால் பற்கள். இன்னொருவன் வீட்டில் அதை மாவு அளக்கிற படியாக்கிவிட்டார்களாம். ஒரு வீட்டில் பூனை அதில்தான் தண்ணீர் குடிக்கிறது. நீதிபதி வீட்டில் சாவிகள். காலையில் சாவி தேடி நடக்கிற சண்டை நின்றுவிட்டது என்றாள், வழக்கில் ஜெயித்த மாதிரி.

கடைசி பெஞ்சில் ஒரு அமைதியான பெண். அதிகம் பேசாது. அதன் முறை வந்ததும் டப்பாவைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தது. "என் டப்பா சும்மாதான் சார் இருக்கு. ஆனா தயாரா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நான் மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

தையற்காரர் மகளிடம் டப்பாவை எடுத்துவரச் சொல்லி, கவிழ்த்து வைத்து, பொட்டு தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். இன்னொரு படம் ஊசிகளோடு. இரண்டையும் அவளுக்கு அனுப்பினேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. "உன் டப்பா. ஒரு தையற்காரர் வீட்டில் இருக்கிறது" என்று மட்டும் எழுதினேன்.

பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது.

ஜூலை 9, புதன்

பதில் வந்தது. "அது நெய் வந்த டப்பா. மூடி ஓரம் லேசா விரிசல் இருக்கும். சூடா எதுவும் போட வேணாம்னு சொல்லுங்க."

ஊசிதான் போட்டிருக்கிறார்கள் என்று எழுதினேன். "ஊசி சரி" என்றாள்.

நாள் முழுக்க வகுப்பில் உற்சாகமாக இருந்தேனாம். கணக்கு டீச்சர் சொன்னார்.

ஜூலை 14, திங்கள்

நேற்றும் மகள்தான் எடுத்தாள். ஆனால் இன்று பிள்ளைகளை டப்பாக்களைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, எந்த வீட்டில் என்ன வேலை என்று எழுதி அனுப்பினேன். பூனை டப்பாவுக்கு உடனே பதில்: "அடப்பாவி, அது என் பழைய ஊறவைக்கிற டப்பா." மாவு அளக்கிற டப்பாவுக்கு: "அதுல கரெக்டா அரைப்படி பிடிக்கும். அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு, கெட்டிக்காரி." சாவி டப்பாவை எங்கே வாங்கினோம் என்று எனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். மகள் முதன்முதலில் பள்ளிக்கூடம் போன அன்று வாங்கிய மிட்டாய் டப்பாவாம். ஒவ்வொரு டப்பாவும் எந்த நாள் எதோடு வீட்டுக்குள் வந்தது என்று அவளுக்குத் தெரிகிறது. நான் குப்பை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சும்மா இருக்கிற டப்பாவைப் பற்றியும் சொன்னேன்.

ஜூலை 20, ஞாயிறு

அவளே கூப்பிட்டாள். முகத்தைப் பார்த்து மூன்று வாரம். கன்னம் ஒட்டியிருந்தது. சாப்பிடுவதில்லையா என்று கேட்க நினைத்து, மழையைப் பற்றிக் கேட்டேன். பிறகு எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. இப்படியே எத்தனை மழை?

"அந்த அலமாரியில கவுத்து அடுக்கியிருக்கியே, அந்தப் பாட்டிலெல்லாம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

திரும்பி அலமாரியைப் பார்த்தாள். "எதுக்குன்னா? அங்க கொண்டுவரத்தான்." அந்த மூடி கால் திருகு திருகினால் போதுமாம், தானாகத் திறந்துகொள்ளுமாம். "உங்க கைக்குக்கூட வரும். சர்க்கரைய எறும்புக்குப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்கன்னு அக்கா சொன்னாங்க."

நீ அங்கேயே இருந்துவிடுவாய் என்று நினைத்தேன் என்றேன். இருக்கிற வீட்டில்தான் சேர்ப்பேன் என்று நீதானே சொல்வாய் என்றேன்.

"இருக்கிற வீட்டுக்குத்தான் சேத்தேன்" என்றாள். "உங்களுக்கு இதைக் கேக்க இத்தனை நாளாச்சா?"

மாப்பிள்ளை டிக்கெட்டை மாற்றலாமா என்று ஒவ்வொரு முறையும் கேட்பாராம். இவள் என்னிடம் கேட்பாள். நான் உங்கள் சௌகரியம் என்பேன். சரி, அங்கே அவருக்கு ஒன்றும் குறையில்லை போலிருக்கிறது என்று இவளும் தலையாட்டிவிடுவாளாம். நான் பெரிய மனுஷத்தனம் என்று நினைத்துச் சொன்ன சொல் அது.

"வா" என்றேன். "அக்டோபர் வரைக்கும் என்னால முடியாது. எனக்கு இங்க நல்லா இல்ல. வந்துடு."

மகள் பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள். ஆகஸ்டில் குழந்தைக் காப்பகத்தில் இடம் கிடைத்துவிட்டது, நான்தான் அம்மாவைப் போகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், போக மாட்டேன் என்கிறாள் என்று கத்தினாள். இவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேஸ் வந்ததா என்று கேட்டாள்.

ஜூலை 25, வெள்ளி

செயல்திட்டம் முடிந்தது. டப்பாக்களைத் திருப்பித் தர வேண்டுமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். தீர்ப்பை நீதிபதியிடம் விட்டேன். வேலையில் இருக்கிற டப்பா இருக்கிற வீட்டிலேயே இருக்கட்டும், சும்மா இருக்கிறது மட்டும் சாருக்குத் திரும்ப வேண்டும் என்றாள். எழுந்து நின்று மேல்முறையீடு செய்ய யாரும் இல்லை.

கடைசி பெஞ்சுப் பெண் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தது. கழுவித் துடைத்து, மூடி போட்டு. "இதுக்கு உங்க வீட்டுல வேலை இருக்கா சார்?" என்றது.

இருக்கிறது என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

பால்கனியைப் பெருக்கினேன். நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டேன், இடம் வேண்டும். நடுவில் ஒரே ஒரு டப்பா உட்கார்ந்திருக்கிறது. பார்க்கப் பாவமாக இருந்தது. காலியான ஜாம் பாட்டில் ஒன்றைக் கழுவி அதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். லேபிளை உரிக்க அரை நாள் ஆயிற்று. அவள் எப்படித்தான் உரிப்பாளோ.

நகப்பூச்சு எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பெட்டி கட்டுகிறாளாம். எடை தாண்டுகிறது, துணியை எடுத்து வெளியே வை, பாட்டிலை வை என்று மகளுக்கும் அவளுக்கும் சண்டை. போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் யார் பக்கமும் பேசவில்லை. மனசுக்குள் பாட்டில் பக்கம்.

ஆகஸ்ட் 9, சனி

வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றியதும் நேராகப் பால்கனிக்குத்தான் போனாள். இரண்டையும் பார்த்தாள். ஜாம் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பி, "பசை இன்னும் இருக்கு" என்றாள். கீழே வைத்தாள். உள்ளே வந்து என் தோளில் ஒரு நிமிஷம் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இளைத்துவிட்டீர்கள் என்றாள்.

பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டிலையும் பேரனின் பழைய துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். எல்லாவற்றின் அடியிலும் பொட்டு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையிலேயே எழுந்து ரப்பர் வளையம் போட்ட பொட்டலங்களையெல்லாம் அவிழ்த்துவிட்டாள். சர்க்கரை, மிளகு, என் மாத்திரைகள், மீந்த சாக்பீஸ் துண்டுகள்கூட ஆளுக்கொரு பாட்டிலில் போய்விட்டன. அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. இனிமேல் நீங்கள் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம், கால் திருகுதான் என்று செய்து காட்டினாள். உண்மையாகவே லேசாகத் திறந்தது.

மத்தியானம் சாப்பிட்டதும் படுத்துவிட்டாள். அங்கே இப்போது இரவு, உடம்பு இன்னும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கதவைச் சாத்தாமல் படுத்திருக்கிறாள், இங்கிருந்தே பாதம் தெரிகிறது.

தேநீர் போட்டேன். சர்க்கரைப் பாட்டிலை எடுத்துத் திருகினேன். அசையவில்லை. இந்தப் பக்கம் திருகினேன், அந்தப் பக்கம் திருகினேன். துணியைச் சுற்றினேன். வெந்நீரில் காட்டினேன். ம்ஹூம்.

எழுப்பவில்லை. தேநீரைத் தட்டால் மூடி வைத்துவிட்டு, பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுந்ததும் கொடுத்தால் திறந்து தருவாள்.